கொழும்பு சேர்வர் அறையில் கொக்ரோச்டிபி: மூன்று பிரதிக்கு மூன்று கரண்ட் வேண்டும்

பல சேர்வர்களில் பிரதிகளை வைத்து ஓடும் டேட்டாபேஸான கொக்ரோச்டிபியை, ஆப்களைப் பல சேர்வர்களில் ஏற்றி நடத்தும் குபெர்நெட்டிஸில் ஏற்றுவது இப்போது பெரிய வேலை இல்லை. மூன்று சேர்வர், ஒரு ஹெல்ம் சார்ட் (குபெர்நெட்டிஸுக்கான நிறுவல் பொதி), ஒரு பிற்பகல் இருந்தால் போதும். ஏற்றிய பிறகு அது கொழும்பில் நின்று பிடிக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மென்பொருள் மிக நல்லது. ஒரு நோட் (டேட்டாபேஸின் ஓர் இயங்கும் அலகு) விழுந்தால் சில நொடித் தடங்கலோடு மற்ற இரண்டும் வேலையைத் தொடரும் என்று அது சொல்வது உண்மை. ஆனால் மூன்று நோட்டும் வெவ்வேறு மின்வழியிலும் வெவ்வேறு டிஸ்கிலும் வெவ்வேறு சுவிட்சிலும் நிற்க வேண்டும். மூன்றையும் ஒரே ரெக்கில் அடுக்கி ஒரே யுபிஎஸ்ஸில் சொருகிவிட்டால், மூன்று மடங்கு செலவில் ஒரு சேர்வரின் பாதுகாப்புத்தான் கிடைக்கும். குபெர்நெட்டிஸ் இதைச் சொல்லித் தராது. அதன் திரையில் மூன்று பொட்டும் (குபெர்நெட்டிஸ் ஓட்டும் அலகுகள், இங்கே பொட்டுக்கு ஒரு நோட்) பச்சையாகவே தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கூகுளில் இருந்து வெளியேறிய மூன்று பொறியியலாளர்கள் 2015இல் தொடங்கிய கொக்ரோச் லாப்ஸ் கொம்பனியின் தயாரிப்பு இது. 1.0 பதிப்பு 2017 மே மாதம் வந்தது. வெளியே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் மொழி பேசும். உள்ளே தரவை ஏறத்தாழ 512 மெகாபைட் வரையான ரேஞ்சுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று நோட்களில் வைத்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு பிரதிகள் டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் ஓர் எழுத்து (தரவை எழுதும் வேலை) முடிந்ததாக ஆப்புக்குப் பதில் போகும். ராஃப்ட் என்ற இந்தப் பெரும்பான்மைக் கணக்குத்தான் இதன் பலம் முழுவதும். நோட் எண்ணிக்கை, டிஸ்க், கடிகாரம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

நோட் ஒன்றுக்குக் குறைந்தது 4 விசிபியு (மெய்நிகர் சிபியு), விசிபியு ஒன்றுக்கு 4 ஜிபி மெமரி என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. ஆக ஒரு பொட்டுக்கு 16 ஜிபி. டிஸ்க் விசிபியு ஒன்றுக்கு 500 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை வாசிப்பு, எழுத்து), நொடிக்கு 30 எம்பி தர வேண்டும். நான்கு விசிபியுவுக்கு 2000 ஐஓபிஎஸ் வருவதால் சுழலும் ஹார்ட் டிஸ்க் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பொட்டுக்கு ஒதுக்கும் ரிக்வெஸ்ட், அது தாண்டக் கூடாத லிமிட் இரண்டையும் ஒரே அளவில் வையுங்கள். கேஷ் 25%, எஸ்கியூஎல் மெமரி 25% என்று விட்டால், இந்தச் சதவீதம் லிமிட்டின் மேல் கணக்கிடப்படும். லிமிட் போடாவிட்டால் சேர்வரின் முழு மெமரியிலும் கால்வாசியைக் கேஷே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஓடும் ஆப் பொட்கள் நெருக்குப்படும், கடைசியில் மெமரி போதாமல் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோசஸைக் கொன்றுவிடும். எஸ்கியூஎல் மெமரியின் இரண்டு மடங்கும் கேஷும் சேர்ந்து மொத்த மெமரியில் 80%ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 25, 25 என்று வைத்தால் 75%இல் நிற்கும். அதை மாற்றத் தேவையில்லை.

அடுத்தது, அதிகம் பேர் தவறவிடும் இடம். ஹெல்ம் சார்ட்டில் பொட்களைப் பிரித்து வைக்கும் அன்டி அஃபினிட்டி விதி இயல்பாக 'சொஃப்ட்' என்று இருக்கிறது. முடிந்தால் பிரித்து வை, முடியாவிட்டால் சேர்த்து வை என்று பொருள். நிறுவும் நேரத்தில் மூன்றாவது சேர்வர் இன்னும் தயாராகாமல் இருந்தால் இரண்டு பொட்கள் ஒரே சேர்வரில் விழும். லோக்கல் டிஸ்க் என்றால் வொலியூமும் (பொட்டின் சேமிப்பிடம்) அந்தச் சேர்வரோடு கட்டப்பட்டுவிடும். மூன்றாவது சேர்வர் பிறகு வந்தாலும் பொட் நகராது. அந்த ஒரு சேர்வர் விழும் நாளில் மூன்றில் இரண்டு பிரதி ஒன்றாகப் போகும், பெரும்பான்மையும் போகும், முழு டேட்டாபேஸும் நின்றுவிடும். நிறுவும் முன்பே 'ஹார்ட்' என்று மாற்றுங்கள். பொட் இடம் கிடைக்காமல் பென்டிங்கில் நின்று உங்களைத் தொந்தரவு செய்தால் நல்லது. இப்போது தெரிந்த பிழை பிறகு தெரியும் பிழையைவிட மலிவு.

சேமிப்புக்கு லோங்ஹோர்ன் போன்ற பிரதி எடுக்கும் அடுக்கைப் போடுபவர்கள் உண்டு. அது மூன்று பிரதி, இது மூன்று பிரதி, ஆக ஒரே வரி ஒன்பது இடத்தில் எழுதப்படும். ஒவ்வொரு எழுத்தும் நெட்வொர்க்கை இரண்டு முறை கடக்கும். வேண்டாம். லோக்கல் டிஸ்கையே கொடுங்கள், பிரதியைக் கொக்ரோச் பார்த்துக்கொள்ளட்டும். கே3எஸ் என்ற சிறிய குபெர்நெட்டிஸ் உடன் வரும் லோக்கல் பாத் வொலியூமும் போதும். ஆனால் அதில் 100 ஜிபி என்று எழுதினாலும் அந்த எல்லையை அது காக்காது, சேர்வரின் முழு டிஸ்கும் நிரம்பும் வரை எழுதும். அதே டிஸ்கில், குபெர்நெட்டிஸ் தன் நிலையைச் சேமிக்கும் எட்சிடியும் இருந்தால் குபெர்நெட்டிஸின் மூளையும் சேர்ந்து திணறும். எட்சிடியின் எஃப்சிங்க் (டிஸ்கில் உண்மையாகவே எழுதிவிடும் கட்டளை) நூற்றில் 99 முறை 10 மில்லிசெக்கன்டுக்குள் முடிய வேண்டும், டேட்டாபேஸ் தன் கோப்புகளை ஒன்றுசேர்த்து எழுதும் கம்பாக்ஷன் ஓடும் டிஸ்கில் அது நடக்காது. ஆகவே டேட்டாபேஸுக்குத் தனி என்விஎம்இ கொடுங்கள். வொலியூமின் ரிக்ளெய்ம் பாலிசியை 'டிலீட்'டில் இருந்து 'ரிட்டெய்ன்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் யாரோ வொலியூம் கிளெய்மை (பொட் வொலியூமைக் கேட்கும் பதிவு) அழித்த நொடியில் தரவும் போய்விடும்.

ஹெல்ம் வழியில் போனால் கிளஸ்டரைத் தொடங்கும் 'இனிட்' கட்டளையை ஒரு ஜொப் தானாக ஓட்டும். குபெர்நெட்டிஸுக்கு நேரடியாகக் கொடுக்கும் மனிபெஸ்ட் கோப்பு வழியில் போனால் கையால் ஒருமுறை ஓட்ட வேண்டும். அதுவரை பொட்கள் ரன்னிங் என்றும் ரெடி 0/1 என்றும் காட்டும். அது பிழை இல்லை, கட்டளைக்காகக் காத்திருக்கின்றன. அழித்து மீண்டும் ஏற்றத் தேவையில்லை. நோட்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சான்றிதழ்களைக் கையால் செய்வோர் நேம்ஸ்பேஸ் (குபெர்நெட்டிஸின் உட்பிரிவு) பெயரைக் கவனியுங்கள். நோட் சான்றிதழில் சேர்விஸின் குறும்பெயர், நேம்ஸ்பேஸோடு சேர்ந்த பெயர், கிளஸ்டர் லோக்கல் வரை போகும் முழுப் பெயர் மூன்றும் இருக்க வேண்டும், லோக்கல்ஹோஸ்டும் சேர வேண்டும். டிஃபோல்ட் நேம்ஸ்பேஸுக்கு எழுதிய கோப்பை அப்படியே வேறு நேம்ஸ்பேஸில் பயன்படுத்தினால் நோட்கள் ஒன்றையொன்று நம்பாது.

கரண்ட் போய் வந்தால்

2020 ஓகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய மூன்று நாட்களில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. இந்த ஊரில் டேட்டாபேஸ் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நோட் விழுந்தால் என்ன என்பது அல்ல. எல்லா நோட்டும் ஒரே நேரத்தில் அணைந்து ஒரே நேரத்தில் எழும்பினால் என்ன என்பதுதான்.

தரவு தப்பும். பதில் அனுப்பப்பட்ட எழுத்துகள் குறைந்தது இரண்டு டிஸ்கில் எஃப்சிங்க் ஆகியிருக்கும். ஆனால் டிஸ்க் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். கடையில் மேசைக் கணினிக்கு விற்கும் எஸ்எஸ்டிகள் பலவற்றில் மின்சாரம் நிற்கும்போது கேஷில் இருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் கிடையாது. 'பவர் லொஸ் புரொடக்ஷன்' என்று தரவுத்தாளில் இருக்கும் சேர்வர் எஸ்எஸ்டியை வாங்குங்கள். விலை கூடும். இந்தச் செலவில் கை வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் மூன்று பிரதியும் ஒரே மாதிரி டிஸ்கில், ஒரே நொடியில் அணைந்தால் பிரதிகள் ஒன்றையொன்று காப்பாற்ற முடியாது.

எழும்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. தரவுள்ள பொட்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸின் ஸ்டேட்ஃபுல்செட் இயல்பாகப் பொட்களை வரிசையாக எழுப்பும். பூச்சியம் இலக்கப் பொட் ரெடி ஆனால்தான் ஒன்றாம் இலக்கப் பொட்டைத் தொடங்கும். கொக்ரோச்சில் பூச்சியம் தனியாக ரெடி ஆகவே முடியாது, பெரும்பான்மைக்கு இன்னொரு நோட் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்தால் பூட்டு விழுந்த கதைதான். அதனால்தான் சார்ட்டில் பொட் மேனேஜ்மென்ட் பாலிசி 'பெரலல்' என்றும், பொட்கள் ஒன்றையொன்று தேடும் ஹெட்லெஸ் சேர்விஸில் ரெடி ஆகாத முகவரிகளையும் வெளியிடு என்றும் இருக்கிறது. சொந்தமாக மனிபெஸ்ட் எழுதுபவர்கள் இந்த இரண்டு வரிகளையும் 'தேவையில்லாதவை' என்று நீக்கிவிடுவது வழக்கம். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. முழு மின்தடைக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த எதிரி கடிகாரம். நோட்களுக்கு இடையில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச வித்தியாசம் இயல்பாக 500 மில்லிசெக்கன்ட். மற்ற நோட்களில் பாதியோடாவது 80%, அதாவது 400 மில்லிசெக்கன்ட் விலகிவிட்டதை ஒரு நோட் கண்டால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். தவறான தரவு கொடுப்பதைவிட நிற்பது மேல் என்ற இந்த முடிவைப் பாராட்டுகிறோம். பழைய சேர்வரில் மதர்போட் பெட்டரி செத்திருந்தால் எழும்பும்போது நேரம் தாறுமாறாக இருக்கும். கரண்ட் வந்த அதே நேரத்தில் இணையமும் வந்திருக்காது, ஆகவே நேரம் சொல்லும் வெளி என்டிபி சேர்வரை அடைய முடியாது. பொட்டுக்குள் எதையும் சரிசெய்ய முடியாது, கடிகாரம் ஹோஸ்டுக்கு உரியது. உள்வலையில் ஒரு நேர மூலத்தை வைத்து, மூன்று சேர்வரும் குரோனி என்ற நேர மென்பொருள் வழியாக அதையே பார்க்கட்டும். தொடக்கத்தில் நேரத்தை ஒரே தாவலாகத் திருத்த 'மேக் ஸ்டெப்' அமைப்பைப் போடுங்கள், சேர்வரில் பொட்களை ஓட்டும் கியூப்லெட் அதற்குப் பிறகே தொடங்கட்டும்.

இணையம் இல்லாத அந்த நிமிடங்களில் இமேஜை (பொட்டின் மென்பொருள் பொதி) எப்போது இறக்குவது என்ற இமேஜ் புல் பாலிசி 'ஓல்வேஸ்' என்று இருந்தால் பொட் தொடங்காது, கடலுக்கு அப்பால் இருக்கும் ரெஜிஸ்ட்ரியை (இமேஜ் களஞ்சியம்) கேட்டுக்கொண்டே நிற்கும். 'இஃப் நொட் பிரெசென்ட்' போட்டு, உள்வலையிலும் ஒரு ரெஜிஸ்ட்ரி வையுங்கள்.

யுபிஎஸ் பெட்டரி குறையும்போது சேர்வரை ஒழுங்காக அணைக்க கியூப்லெட்டில் ஒரு வசதி உண்டு. ஆனால் அதன் ஷட்டவுன் கிரேஸ் பீரியட் இயல்பாகப் பூச்சியம், நீங்கள் எண் போடாதவரை அது வேலை செய்யாது. ஹெல்ம் சார்ட் பொட்டுக்கு 300 நொடி கொடுக்கிறது. ஆகவே யுபிஎஸ் எச்சரிக்கும் நேரத்தில் பெட்டரியில் குறைந்தது ஆறேழு நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். மூன்று சேர்வரும் ஒன்றாக அணைந்தால் கடைசி நோட்டுக்குத் தன் லீஸை (ஒரு ரேஞ்சுக்குப் பொறுப்பாக நிற்கும் உரிமை) கொடுக்க ஆள் இருக்காது, அது காத்திருந்து நேரம் முடிந்து கொல்லப்படும். அதனால் தரவுக்கு ஆபத்தில்லை. ஒழுங்காக அணைப்பது சேவை தடங்காமல் இருக்கத்தான்.

மூன்று நோட்டா, ஐந்தா? மூன்றில் ஒன்று போனால் விட்டுப்போன பிரதியைக் கட்ட வேறு இடமில்லை. அடுத்தது விழும் வரை ஒற்றைக் கயிற்றில் நடக்கிறீர்கள். ஐந்து இருந்தால், 5 நிமிடம் பதில் இல்லாத நோட்டை இறந்ததாகக் கணக்கிட்டு, அதன் பிரதிகளை மற்ற நான்கில் கட்டத் தொடங்கும். அருமையான குணம், ஆனால் ஒரு நோட் இருக்கும் கட்டடத்தில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் அந்த 5 நிமிடம் தொல்லை. நூற்றுக்கணக்கான ஜிபி தேவையில்லாமல் வலையில் ஓடும். அறிவித்த மின்வெட்டு நாட்களில் 'டைம் அன்டில் ஸ்டோர் டெட்' அமைப்பை ஒன்றரை மணி நேரமாக்கி, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கொழும்புக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. கோட்டையில் ஒன்று, தெகிவளையில் ஒன்று, மாலபேயில் ஒன்று என்று மூன்று கட்டடங்களில் வைக்கலாம். ஒளியிழையில் 20 கிலோமீட்டர் போய் வர ஒளிக்கு 0.2 மில்லிசெக்கன்ட் போதும். இடையில் வரும் சுவிட்ச், ரவுட்டர்களைச் சேர்த்தாலும் டேட்டாபேஸ் அதை உணராது. சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர், போய் வர 27 மில்லிசெக்கன்டுக்குக் குறையவே முடியாது, கடல் கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. ஒரு பரிவர்த்தனையில் பல எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் பில் போடும் மேசையில் ஆள் காத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு பிரதி வைப்பவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சட்டத்தரணியோடு பார்த்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் மூன்று இடம் என்பதே எங்கள் தெரிவு. பேக்கப் மட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பேக்கப்பை 'நோட்லோக்கல்' என்ற இடத்துக்கு எழுதுவது பேக்கப்பே இல்லை. அது பொட்டின் அதே வொலியூமில் விழுகிறது. மினியோ போன்ற, எஸ்3 முறையில் கோப்பு வைக்கும் தனிச் சேமிப்புக்கு அனுப்புங்கள். ஒரு டேபிளில் தவறுதலாக வரிகளை அழித்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் 'ஆஸ் ஒஃப் சிஸ்டம் டைம்' போட்டுப் பழைய நிலையைப் படித்து எடுக்கலாம். பழைய வரிகளை வைத்திருக்கும் காலம் இயல்பாக அவ்வளவுதான்.

டிஸ்க் நிரம்பினால் நோட் வெளியேறும், வெளியேறும் குறியீடு 10. அதற்காகவே ஒவ்வொரு நோட்டும் 1 ஜிபி அல்லது டிஸ்கில் 1%, எது சிறியதோ அந்த அளவில் அவசரத்தில் அழித்து இடம் பெற ஒரு வெற்றுக் கோப்பை (பலாஸ்ட்) ஒதுக்கி வைத்திருக்கிறது. பொட் எழும்பாத நிலையில் அதற்குள் நுழைய முடியாது. சேர்வரிலேயே வொலியூம் இருக்கும் அடைவுக்குப் போய் அந்தக் கோப்பை அழித்து, மூச்சு விட்டதும் தரவைக் குறைக்க வேண்டும். இந்த வழியை அச்சடித்து ரெக்கில் ஒட்டி வையுங்கள். அந்த இரவில் யாருக்கும் இது ஞாபகம் வராது.

ஆப் எழுதுபவர் பக்கம்

புறக்கோட்டை மொத்தக் கடைக்கு பில்லிங் எழுதுபவர் பழைய போஸ்ட்கிரஸ் பழக்கத்தில் முதன்மைச் சாவிக்கு ஏறுவரிசை எண் போட்டால், எல்லாப் புதிய பில்லும் கடைசி ரேஞ்சிலேயே விழும். மூன்று சேர்வர் இருந்தும் ஒன்றே உழைக்கும். சாவிக்கு யுயுஐடி (எழுந்தமானமான தனித்த அடையாளம்), வற் பில்லின் தொடர் இலக்கத்துக்குத் தனி நெடுவரிசை என்று பிரியுங்கள். 'சீரியல்' என்று எழுதினால் 1, 2, 3 வராது, 19 இலக்க எண் வரும். ஜாவாஸ்கிரிப்ட் 16ஆம் இலக்கத்திலேயே துல்லியத்தை இழக்கத் தொடங்கும். உலாவியில் கடைசி இலக்கங்கள் மாறி, வேறு பில்லைத் திறக்கும் பிழை இப்படித்தான் பிறக்கிறது. எண்ணைச் சரமாக அனுப்புங்கள்.

ஒரே நேரப் பரிவர்த்தனைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் இயல்பான தனிமை நிலை, மிகக் கடுமையான சீரியலைசபிள். மோதும் பரிவர்த்தனைகளில் ஒன்று 40001 பிழையோடு திரும்பும், ஆப் மீண்டும் முயல வேண்டும். அந்த வளையம் இல்லாத ஆப், தீபாவளி வாரக் கூட்டத்தில் பில் போடாமல் விடும். 24.1 பதிப்பு முதல், சற்றுத் தளர்வான ரீட் கமிட்டெட் நிலை முழுமையாகக் கிடைப்பதால் பழைய ஆப்பை மாற்றுவோருக்குச் சற்று நிம்மதி. ஆப் தானே கேட்டுப் போடும் பூட்டான அட்வைசரி லொக் பெயரளவுக்கு மட்டும் இருக்கிறது: கூப்பிட்டால் பிழை வராது, பூட்டும் விழாது. அதை நம்பி ஓடும் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும்) கருவிகளை ஒவ்வொரு ஆப் பொட்டும் தொடங்கும்போது ஓட்டாமல் தனி ஜொப்பாக ஒரே முறை ஓட்டுங்கள். ஆப் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளான கனெக்ஷன் பூலில் அதிகபட்ச ஆயுளைப் 10 நிமிடமளவில் வையுங்கள். இல்லாவிட்டால் விழுந்து எழும்பிய நோட்டுக்கு யாரும் திரும்பிப் போகமாட்டார்கள், மற்ற இரண்டும் முழுச் சுமையையும் இழுக்கும்.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. இயல்பான வரிசை யுனிகோட் எண் வரிசை. அதில் ற, ல, ள, ழ, வ என்று வரும், ந அடுத்து ன வரும். வாடிக்கையாளர் பட்டியல் அச்சடிக்கும் ஆப் என்றால் கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) குறித்த நெடுவரிசையை உங்கள் சொந்தப் பெயர்ப் பட்டியலில் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உரிமமும் டொலரும்

முன்பு இலவசமாக இருந்த கோர் பதிப்பு 2024 நவம்பர் 18 அன்று 24.3 பதிப்போடு முடிந்தது. இப்போது ஆண்டு வருமானம் 1 கோடி டொலருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு எல்லா வசதியும் இலவசம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 300 கோடி ரூபாய், கொழும்பின் பெரும்பாலான சிறு, நடுத்தரக் கொம்பனிகள் அதற்குள் வந்துவிடும். ஆனால் உரிமச் சாவியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவல்) அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏழு நாள் போகாவிட்டால் ஒரே நேரத்தில் 5 பரிவர்த்தனை என்ற அளவுக்குக் கழுத்து நெரிக்கப்படும். வெளி இணையத்தைப் பூட்டிய வலையில் ஓட்டுபவர்கள் ஃபயர்வோலில் வழி திறக்காமல் இதைத் தொடக்கூடாது. வருமானம் எல்லையைத் தாண்டும் கொம்பனி, 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டியதை நினைவில் வைத்தே பேரம் பேச வேண்டும்.

இந்த நிபந்தனைகள் ஒவ்வாதவர்களுக்கு அப்பாச்சி 2.0 உரிமத்தில் யுகபைட்டிபி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் பழக்கம் உள்ளவர்களுக்கு டைடிபி உண்டு, ஆனால் அதன் மூன்று பகுதிகளான பிடி 3, டைகேவி 3, டைடிபி 2 என்று எட்டுப் பொட்டில் தொடங்கும். 200 ஜிபிக்குக் குறைந்த தரவும் ஒரே கட்டடமும் உள்ளவர்களுக்கு எங்கள் பரிந்துரை இவை எதுவுமில்லை. குபெர்நெட்டிஸில் போஸ்ட்கிரஸை நிர்வகிக்கும் கிளவுட் நேட்டிவ் பிஜி ஒபரேட்டரில் போஸ்ட்கிரஸ், தயாராக நிற்கும் ஒரு ஸ்டான்ட்பை பிரதி, தூரத்தில் ஒரு பேக்கப் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கொக்ரோச்தான் என்று முடிவெடுத்தால், வாடிக்கையாளர் தரவை ஏற்றும் முன் இரண்டு சோதனைகள். முதலில், சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சேர்வரின் பவர் வயரைக் கழற்றுங்கள். குபெக்டில் என்ற குபெர்நெட்டிஸ் கட்டளைக் கருவியில் பொட்டை அழிப்பது சோதனையாகாது, அது ஒழுங்கான விடைபெறல். ஆப் எத்தனை நொடி தடுமாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றின் வயரையும் ஒன்றாகக் கழற்றி, வெளி இணைய வயரையும் கழற்றிவிட்டு, மின்சாரத்தை மட்டும் திரும்பக் கொடுங்கள். யாரும் கை வைக்காமல் மூன்று பொட்டும் ரெடி ஆகி, 8080ஆம் போர்ட்டில் இருக்கும் கொன்சோலில் அன்டர் ரெப்ளிகேட்டட் (பிரதி குறைந்த) ரேஞ்சுகள் பூச்சியத்துக்கு வரும்வரை இந்தச் சேர்வர் அறை தயாராகவில்லை.